இரத்தக் கொதிப்பு மாத்திரை: நடுவில் நிறுத்தலாமா?



வயலுக்கு எப்போது தண்ணீர் கட்டுவது, எப்போது வடிப்பது என்று சுவாமிமலைப் பக்கத்து விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் அளவோடு போனால் பயிருக்கு நல்லது. அளவுக்கு மேல் வந்து நாள் கணக்கில் கரையை முட்டிக்கொண்டே நின்றால் என்ன ஆகும்? முதல் நாள் ஒன்றும் தெரியாது. உள்ளுக்குள் மண் அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் இராத்திரி கரை உடைந்து போகும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நட்ட பயிர் முழுவதும் தண்ணீரில்.

நம் உடம்பிலும் இப்படித்தான். இருதயம் இரத்தத்தை இறைக்கிறது. அந்த இரத்தம் குழாய்களின் சுவரை அழுத்திக்கொண்டு ஓடுகிறது. அந்த அழுத்தம் அளவுக்கு மேல் போய், அப்படியே நிலைத்துவிட்டால் அதைத்தான் இரத்த அழுத்த நோய் என்கிறோம். பேச்சு வழக்கில் இரத்தக் கொதிப்பு, அல்லது "பி.பி.". மூளையில் குழாய் வெடித்தாலோ அடைத்தாலோ பக்கவாதம். இருதயத்தில் அடைத்தால் மாரடைப்பு. சிறுநீரகம் கெட்டால் வாரந்தோறும் இரத்தம் சுத்திகரிக்க வேண்டிய நிலை. கண் பார்வையும் மங்கலாம்.

இதைத் தடுக்க மாத்திரை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் பலர் இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஏன் நிறுத்துகிறார்கள், நிறுத்தாமல் இருக்கக் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எப்படி உதவலாம் என்பதை இந்தச் சிறு வெளியீடு சொல்கிறது.

எத்தனை பேருக்கு இருக்கிறது?

2020-ம் ஆண்டு தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அதாவது மூன்று பேரில் ஒருவருக்கு. அப்படி நோய் உள்ளவர்கள் நூறு பேரை எடுத்துக்கொண்டால், அழுத்தம் கட்டுக்குள் இருந்தது ஏறக்குறைய 7 பேருக்கு மட்டுமே. நமக்கு மட்டும் உள்ள குறை அல்ல இது. உலகில் இந்நோய் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குப் போதுமான சிகிச்சை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது.

மருந்து மலிவு, கடையிலும் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. இருந்தும் நோய் கட்டுக்குள் வரவில்லை. நோய் இருப்பதே பலருக்குத் தெரியாதது ஒரு காரணம். தெரிந்தவர்களும் மாத்திரையை விடாமல் சாப்பிடாதது இன்னொரு காரணம்.

அளவு என்ன?

கையில் பட்டை கட்டிப் பார்க்கும்போது இரண்டு எண்கள் சொல்வார்கள். மேல் எண், இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழ் எண், இருதயம் தளர்ந்திருக்கும்போது உள்ள அழுத்தம். மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் என்று வெவ்வேறு நாட்களில் பார்த்தபோதும் இருந்தால் இரத்தக் கொதிப்பு உள்ளது என்று பொருள்.

பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். அதற்கு அரை மணி முன்னதாகக் காபி, பீடி, புகையிலை எதுவும் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரவும் கூடாது. பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடந்து வந்த உடனே பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலியே, எதுக்கு மாத்திரை?"

கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது அடிக்கடி நடக்கும் பேச்சு இது:

மனைவி: "நர்சம்மா, இவங்க மாத்திரையை நிறுத்தி ஒரு மாசம் ஆவுது. கேட்டா கோவம்தான் வருது."

கணவர்: "எனக்கு ஒண்ணும் பண்ணலியே நர்சம்மா. தலை சுத்தல் இல்ல, வலி இல்ல. சாமிமலைக் கோயில் அறுபது படியும் ஒரே மூச்சுல ஏறுறேன். அப்புறம் எதுக்கு மாத்திரை?"

நர்சம்மா: "அண்ணே, ஒண்ணும் பண்ணாம இருக்கிறதுதான் இந்த நோயோட குணம். கரை உடையற வரைக்கும் வெளியில தெரியாது. கடைசியா பார்த்தப்ப அளவு சரியா இருந்துதா?"

கணவர்: "இருந்துது. 130-ன்னு சொன்னாங்க. அதான் குணமாயிடுச்சுன்னு நிறுத்திட்டேன்."

நர்சம்மா: "அது மாத்திரை வேலை செஞ்சதால வந்த 130. மதகை இறக்கி வச்சதால வாய்க்கால்ல தண்ணி அளவா போவுது. அளவா போவுதுன்னு மதகைத் திறந்து விட்டா?"

கணவர்: "பழையபடி ஏறிடும்."

நர்சம்மா: "அதேதான் இங்கயும். இன்னைக்கு ஒரு தடவை பார்த்துடுவோமா?"

அழுத்தத்தை அடக்கி வைப்பதுதான் மாத்திரையின் வேலை. நோயை வேரோடு எடுப்பது அதன் வேலை அல்ல. ஆகவே அளவு சரியாக இருக்கிறது என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். சிலருக்கு உப்பும் எடையும் குறைந்த பிறகு மருந்தின் அளவைக் குறைக்க முடியும். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். அட்டெனலால் போன்ற சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் இருதயத்துக்கே ஆபத்து வரலாம்.

ஏன் நிறுத்துகிறார்கள்?

1. கூலி போகிறது. நடவு, களை, அறுப்பு நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி இல்லை. "மாத்திரை இலவசம்தான், ஆனா ஒரு நாள் பொழப்பு போவுதே" என்பது நியாயமான பேச்சு. இதற்காகத்தான் மருந்தை வீட்டுக்கே கொண்டு வரும் ஏற்பாடு வந்தது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

2. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் அடிக்கடி சிறுநீர் போகும். கழனியில் நாள் முழுவதும் நிற்கும் பெண்களுக்கு இது பெரிய சங்கடம். மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார், அல்லது சாப்பிடும் நேரத்தை மாற்றுவார். சொல்லாமல் நிறுத்துவதுதான் தவறு.

3. "பழகிப் போயிடும், கிட்னி கெட்டுப் போயிடும்" என்ற பயம். இது ஊர்ப் பேச்சு. சிறுநீரகத்தைக் கெடுப்பது அடக்கப்படாத இரத்த அழுத்தம். முறையாகச் சாப்பிடும் மாத்திரை சிறுநீரகத்தைக் காக்கிறது. சாராயம், புகையிலை போல இது பழக்கமாகிற பொருளும் அல்ல.

4. மாத்திரையின் நிறமும் அட்டையும் மாறிவிடுகின்றன. போன மாதம் வெள்ளை, இந்த மாதம் வேறு நிறம். படிக்கத் தெரியாத பெரியவர்கள் குழம்பி, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள், அல்லது இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். வாங்கும் இடத்திலேயே "இது பழைய மாத்திரைதானா, எத்தனை, எப்போ?" என்று கேளுங்கள். பழைய அட்டையைக் கையில் கொண்டு போங்கள்.

5. திட்டுவார்களோ என்ற பயம். இரண்டு மாதம் போகாமல் இருந்தவர் மூன்றாவது மாதம் போகவே கூச்சப்படுகிறார். தயவு செய்து கூச்சப்படாதீர்கள். நடுவில் விட்டவர் திரும்பி வந்தால் சுகாதார ஊழியருக்கு மகிழ்ச்சிதான். "விட்டுப் போச்சு, மறுபடி ஆரம்பிக்கணும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

6. விரதமும் வெளியூரும். கிருத்திகை, சஷ்டி விரத நாளில் மாத்திரை கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். மாத்திரைக்கு விரதத் தடை இல்லை. ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம். அறுவடை வேலைக்கோ உறவினர் வீட்டுக்கோ வெளியூர் போகும்போது துணிமணியோடு மாத்திரையையும் எடுத்து வையுங்கள்.

உடம்பு வலி மாத்திரை: எச்சரிக்கை

குனிந்து நட்டு, கட்டு சுமந்து வந்த இரவில் உடம்பு வலிக்கத்தான் செய்யும். கடையில் "உடம்பு வலிக்கு ஒரு செட்டு" என்று கேட்டு வாங்கிப் போடுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. டைக்குளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும். கொதிப்பு மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். சிறுநீரகத்துக்கும் கெடுதல். ஆகவே இரத்தக் கொதிப்பு உள்ளவர் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கக் கூடாது. செவிலியரிடம் வலியைச் சொல்லுங்கள். பொருத்தமான மருந்து தருவார்கள்.

சிலை வார்க்கும் பட்டறையில் உலை அருகே வேலை செய்பவர்களுக்கும், சித்திரை வெயிலில் கழனியில் நிற்பவர்களுக்கும் வியர்வை அதிகம். நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிட்டால் கிறுகிறுப்பு வரலாம். தாகத்துக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். கிறுகிறுப்பு தொடர்ந்தால் மருந்தை விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருந்து வீடு தேடி வருகிறது

தமிழ்நாட்டில் இந்த வேலை படிப்படியாக வளர்ந்தது. 2007-ல் சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இரத்தக் கொதிப்பைக் கண்டறிந்து சிகிச்சை தரும் முன்னோடித் திட்டம் நடந்தது. அதே காலத்தில் தேனியிலும் நம் தஞ்சாவூர் மாவட்டத்திலும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முன்னோடியாக நடந்தது. 2012 முதல் இவை மாநிலம் முழுவதற்கும் விரிந்தன.

பிறகு கொரோனா வந்தது. ஊரடங்கில் பஸ் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம். பலருக்கு மாத்திரை நின்றுபோனது. 2021 ஆகஸ்டு 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். முதலில் மருத்துவர் பார்த்து மருந்து எழுதித் தருகிறார். அதன் பிறகு 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. 2024-ல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது.

தன்னார்வலர் அதே ஊர்ப் பெண். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் விடியற்காலையில் நடவுக்குப் போவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அவரிடம் உங்கள் நேரத்தைச் சொல்லி வையுங்கள். "ஆறு மணிக்கெல்லாம் நாங்க கெளம்பிடுவோம், சாயங்காலம் வாங்கம்மா" என்று சொன்னால் அதற்கேற்ப வருவார். வீடு பூட்டியிருந்ததால் மாத்திரை கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. உங்கள் தெருவுக்கு அவர் வரவில்லை என்றால் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள்.

கணவனும் மனைவியும் செய்ய வேண்டியவை

• மாத்திரையை ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். காலையில் தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பவர் அப்போதே மாத்திரையைப் போட்டுக்கொள்ளட்டும். தாள் கிழிந்திருந்தால் மாத்திரை போட்டாயிற்று என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

• காலையில் மறந்துவிட்டால் அன்றைக்கு நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுவதும் விட்டுப்போனால் மறுநாள் ஒன்றுதான். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

• ஏழு மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்த மாத மாத்திரைக்குச் சொல்லி வையுங்கள். தீர்ந்த பிறகு தேட வேண்டாம்.

• அடுப்பு மேடையிலும் ஈரச் சுவரிலும் வைக்க வேண்டாம். குழந்தைகளுக்கு எட்டாத ஒரு டப்பாவில் வையுங்கள்.

• "எனக்கும் தலை சுத்துது, உங்க மாத்திரையில ஒண்ணு கொடுங்க" என்று பக்கத்து வீட்டார் கேட்டால் கொடுக்காதீர்கள். கணவன் மாத்திரையை மனைவியும், மனைவி மாத்திரையைக் கணவனும் போட்டுக்கொள்வதும் கூடாது.

• சண்டை போட்டு நினைவூட்ட வேண்டாம். "சாப்பிட்டீங்களா இல்லியா?" என்று அதட்டினால் பொய்தான் வரும். மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது. அது மனைவியின் வேலை மட்டும் அல்ல. பல வீடுகளில் கணவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மனைவி தன் மாத்திரையை மறந்துவிடுகிறாள். அவளுக்கு எடுத்துக் கொடுப்பது கணவரின் கடமை.

• தெருக்கோடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கும் மாத்திரை இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு குரல் கொடுங்கள்: "ஆத்தா, ஒனக்கும் வாங்கியாரவா?"

தம்பதிகள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை

குழந்தை வேண்டும் என்று இருக்கும் பெண், கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் முன்கூட்டியே செவிலியரிடம் சொல்ல வேண்டும். எனலாபிரில், டெல்மிசார்டன் போன்றவை வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கெடுதல். கர்ப்பத்துக்கு ஏற்ற வேறு மாத்திரைகள் இருக்கின்றன. நாள் தள்ளிப் போனால் காத்திருக்க வேண்டாம். உடனே போய் மாற்றிக்கொள்ளுங்கள். பயந்து மருந்தையே விட்டுவிட்டால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. கர்ப்ப காலத்தில் கொதிப்பு வந்த பெண்கள், பிரசவத்துக்குப் பின் அளவு சரியாகிவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

இரத்தக் கொதிப்பு உள்ள பெண்கள் மாலா-என் போன்ற தினசரி கருத்தடை மாத்திரையைத் தாமாகத் தொடங்கக் கூடாது. அது அழுத்தத்தை ஏற்றலாம். அவர்களுக்குக் காப்பர்-டி, ஆணுறை போன்ற வழிகள் உண்டு. குடும்பம் போதும் என்று முடிவு செய்த தம்பதிகளில், ஆணுக்குச் செய்யும் தழும்பில்லாக் கருத்தடைச் சிகிச்சை எளிது. செவிலியரிடம் இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

"மாத்திரை சாப்பிட்டா ஆண்மை போயிடும்" என்று பயந்து நிறுத்தும் ஆண்கள் உண்டு. வெளியில் சொல்லவும் கூச்சம். உண்மை என்னவென்றால், அடங்காத இரத்த அழுத்தமும், சர்க்கரையும், பீடி சிகரெட்டும்தான் இரத்தக் குழாயைக் கெடுத்து இந்தக் குறையைக் கொண்டு வருகின்றன. சில மாத்திரைகளால் ஒரு சிலருக்கு இந்தத் தொந்தரவு வரலாம். மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். இது கேவலமான பேச்சு அல்ல. மனைவியிடமும் மறைக்க வேண்டியதில்லை.

உப்பும் புகையிலையும் குடியும்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும். குழம்பில் போடும் உப்பு மட்டும் கணக்கு அல்ல. பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, அப்பளம், வடகம் எல்லாவற்றிலும் உப்புதான். அடியோடு விட முடியாவிட்டால் முதலில் ஊறுகாயைக் குறையுங்கள். பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம் போதும். சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்துங்கள்.

கும்பகோணம் வெற்றிலை நம் பெருமை. வெற்றிலையோடு புகையிலை வேண்டாம். பீடியும் வேண்டாம். குடி அழுத்தத்தை ஏற்றும், மாத்திரையையும் மறக்கச் செய்யும். குடித்துவிட்டு வந்த நாளில் மாத்திரையை விடும் வழக்கம் சிலருக்கு உண்டு. விட வேண்டியது குடியைத்தான்.

உடனே ஓட வேண்டிய அடையாளங்கள்

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வை மங்கல் ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்த்துக் கொட்டுதல், மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அடையாளங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் மருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன். "விடியட்டும் பாப்போம்" என்று இருக்க வேண்டாம். எப்போது தொடங்கியது என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். வாயில் காபியோ தண்ணீரோ மாத்திரையோ ஊற்றிப் போட வேண்டாம், புரையேறும்.

சம்பாதிக்கும் ஒருவர் பக்கவாதத்தில் படுத்தால் அவர் கூலி போகும், அவரைப் பார்த்துக்கொள்பவர் கூலியும் போகும். பிள்ளையின் படிப்பு நிற்கும், பெண்ணின் நகை அடகுக் கடைக்குப் போகும். காலையில் போடும் ஒரு சிறு மாத்திரை இத்தனையையும் தடுக்க உதவுகிறது.

நினைவில் வையுங்கள்

தொந்தரவு இல்லை என்பதால் நோய் இல்லை என்று எண்ண வேண்டாம்.
அளவு சரியாக இருந்தாலும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.
ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சொல்லி மாற்றுங்கள்.
விட்டுப்போனால் வெட்கப்படாமல் திரும்பி வாருங்கள்.
30 வயதான கணவனும் மனைவியும், தொந்தரவு இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒரு முறை சேர்ந்தே போய் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம். நோய் வந்தாலும், அதை அடக்கி வைத்து நெடுநாள் வாழலாம். அதற்கு இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருங்கள்.